மருந்தேற்றிய மரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கூரைச் சட்டம், ரீப்பர், நிலை, ஜன்னல் என வீட்டு மரம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

*மொட்டை மாடியில் சட்டம் போட்டு ஓடு வேயப் போகிறோம். 'ட்ரீட்மென்ட் பண்ணின ரப்பர் மரம் சார், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, கரையான் கிட்டயே வராது' என்று மரக்கடையில் சொல்கிறார்கள். கைமரம், ரீப்பர் இரண்டுக்குமே அதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். நம்பலாமா?*
— வாசகர், நாகர்கோவில்

பாதி நம்பலாம். மருந்து உள்வரை போயிருந்தால் கரையான் பற்றிச் சொன்னது சரி. தண்ணீர் பற்றிச் சொன்னது தவறு.

ரப்பர் மரத்தில் தேக்கு, வேங்கை மாதிரி வைரம், அதாவது நடுவில் கறுத்து இறுகிய பகுதி, என்று தனியாக ஒன்று கிடையாது. வெட்டிப் பார்த்தால் முழுக்க வெள்ளைதான், அதாவது வெளிறிய மென்பகுதி. அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைய இருப்பதால் அறுத்துப் போட்ட சில நாட்களிலேயே நீலப் பூஞ்சை படரும், வண்டு துளைக்கும், மாவு மாவாகக் கொட்டும். ஆனால் அதே வெள்ளைதான் மருந்தை நன்றாகக் குடிக்கும். அதனால்தான் குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பால் வற்றிய மரங்களை வெட்டி, அறுத்த கையோடு மருந்து ஏற்றி விற்கிறார்கள்.

ஏற்றுவது போரேட் வகை மருந்து, அதாவது வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்தது. இரும்பு உருளைக்குள் மரத்தை அடுக்கி மூடி, முதலில் ஏறத்தாழ அரை மணி நேரம் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு மருந்து நீரை உள்ளே விட்டு அழுத்தம் கொடுப்பார்கள். அழுத்தத்தில் நீர் நடுமரம் வரை போகும். பிரஷ்ஷால் தடவினாலோ ஒரு முக்கு முக்கி எடுத்தாலோ மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் ஏறும். கடைக்காரர் இரண்டையும் 'ட்ரீட்மென்ட்' என்றுதான் சொல்வார்.

கடையில் நீங்கள் கேட்க வேண்டியது எண்கள். என்ன மருந்து, அழுத்தத்தில் ஏற்றியதா, ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ நின்றிருக்கிறது? மரப் பாதுகாப்புக்கு இங்கே ஐ.எஸ். 401 என்ற இந்தியத் தரம் உண்டு. பில்லில் அந்த எண்ணையும் மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு: அமெரிக்கத் தரத்தில் வீட்டின் உட்புறச் சட்டத்துக்குச் சாதாரணக் கரையான் உள்ள இடங்களில் கன மீட்டருக்கு 2.7 கிலோ போரான் ஆக்சைடு, ஃபார்மோசா கரையான் என்ற மூர்க்கமான வகை உள்ள இடங்களில் 4.5 கிலோ. போரிக் அமிலக் கணக்கில் இவை ஏறத்தாழ 4.8 கிலோவும் 8 கிலோவும்.

மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சோதிக்க மஞ்சள் போதும் என்றால் ஆச்சரியப்படுவீர்கள். ஆய்வுக்கூடங்களிலும் இதே முறைதான். 10 கிராம் மஞ்சள்தூளை 90 கிராம் எத்தனால் ஸ்பிரிட்டில் கரைத்துத் தெளிய விட்டு, மேலே நிற்கும் மஞ்சள் நீரை எடுத்துக்கொள்ளுங்கள். ரீப்பரின் முனையில் பார்க்கக் கூடாது, அங்கே மருந்து எப்படியும் ஏறியிருக்கும். முனையிலிருந்து ஒரு அடியாவது தள்ளி அறுத்து, அந்த வெட்டு முகத்தில் தடவிக் காய விடுங்கள். அதன் மேல் இரண்டாவது கரைசலைத் தடவ வேண்டும். 20 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஸ்பிரிட்டில் கலந்து 100 மில்லியாக்கி, அதில் சாலிசிலிக் அமிலம் கரையும் மட்டும், ஏறத்தாழ 13 கிராம், சேர்த்தது அது. இதை வீட்டில் கலக்காதீர்கள். பக்கத்துக் கல்லூரி வேதியியல் கூடத்தில் கேட்டால் செய்து தருவார்கள். சில நிமிடங்களில் வெட்டு முகம் நடுவரை சிவந்தால் போரான் நடுவரை போயிருக்கிறது. ஓரம் மட்டும் சிவந்து நடு மஞ்சளாகவே நின்றால் அது முக்கி எடுத்த மரம்.

அமிலம் இல்லாமல் மஞ்சள் நீரை மட்டும் தடவிச் சிவப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவப்பது எல்லோருக்கும் தெரியும். காரத்தன்மை உள்ள எது பட்டாலும் அப்படித்தான். அமிலம் சேர்த்த பிறகும் நிற்கும் சிவப்புதான் போரானுடையது.

இனி தண்ணீர். போரேட் நீரில் கரையும். கரைவதால்தான் அது மரத்துக்குள் ஏறுகிறது, அதே காரணத்தால் மழை தொடர்ந்து பட்டால் வெளியேறியும் போகிறது. எந்த மருந்து ஏற்றினாலும் மரம் ஈரத்தை உறிஞ்சும், ஊதும், காயும்போது சுருங்கும். ஈரத்தில் வரும் பூஞ்சையும் கரையானும் மரத்தைத் தின்னாமல் தடுப்பதுதான் மருந்தின் வேலை. ஆகவே ஒழுகாத ஓட்டுக்கு அடியில், உள்பக்க ரீப்பராக இந்த மரத்தைத் தாராளமாகப் போடலாம். சாரல் அடிக்கும் இறவாரத்து ரீப்பருக்கும் ஓட்டின் கடைசி வரிசைக்கும் வேண்டாம். அங்கே வைரம் பாய்ந்த கோங்கு அல்லது வேங்கை போடுங்கள். கைமரத்துக்கும் ரப்பர் மரத்தை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். ரப்பர் மரத்தில் நீளமான நேர்ச்சட்டம் கிடைப்பது அரிது. துண்டுகளை விரல்கோத்து ஒட்டிய சட்டத்தைப் பாரம் தாங்க வைப்பது வேறு கணக்கு.

மருந்தேற்றிய மரத்தைத் தளத்தில் அறுத்தால், இழைத்தால், துளையிட்டால் அந்த முகத்தில் மறுபடியும் மருந்து தடவ வேண்டும். அறுக்கிற வேலையை முதலிலேயே முடித்து, அளவுக்கு வெட்டிய பிறகு மருந்தேற்றக் கொடுப்பது இன்னும் நல்லது. தச்சரிடம் வேலை தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

*புயலில் விழுந்த எங்கள் கொல்லை மாமரத்தை 2 அங்குலம், 1 அங்குலம், 10 அடி ரீப்பராக அறுக்கப் போகிறோம். போரிக் அமில மருந்தை வீட்டிலேயே ஏற்ற முடியுமா? அளவு சொல்லுங்கள்.*
— வாசகி, திண்டுக்கல்

முடியும். மா, இலவு போன்ற வெள்ளை மரங்களுக்கு ஊறப்போடுவது நன்றாகவே பலிக்கும். வைரம் பாய்ந்த மரம் என்றால் ஊறப்போட்டாலும் ஏறாது. நல்ல வைரத்துக்கு அவ்வளவு தேவையும் இல்லை.

முதலில் தொட்டி. தரையில் இரண்டு வரிசைச் செங்கல் அடுக்கி 11 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழம் வரும்படி கட்டி, உள்ளே கிழியாத தார்ப்பாயை விரித்தால் போதும். அதில் 40 ரீப்பர் அடங்கும். அவ்வளவு மரமும் முழுக ஏறத்தாழ 250 கிலோ கரைசல் வேண்டும். அதற்கு 15 கிலோ வெண்காரம், 10 கிலோ போரிக் அமிலம், 225 லிட்டர் தண்ணீர். ஒன்றரைப் பங்கு வெண்காரத்துக்கு ஒரு பங்கு போரிக் அமிலம் என்ற இந்த விகிதத்தை மாற்றாதீர்கள். தனித்தனியாக இவை குளிர்ந்த நீரில் கொஞ்சம்தான் கரையும், சேர்ந்தால் அதிகம் கரையும். முதலில் 40, 50 லிட்டர் வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு மீதித் தண்ணீரைச் சேர்க்கலாம். வெண்காரம் மொத்த ரசாயனக் கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும். கேரம் போர்டில் தூவுகிறோமே, அந்தப் பவுடர்தான் போரிக் அமிலம். ஆனால் சின்ன டப்பாவாக வாங்கினால் கட்டாது. உரக்கடையில் 'போரான் 20%' என்று விற்கும் டைசோடியம் ஆக்டாபோரேட் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். அது தனியாகவே கரையும், 250 கிலோ கரைசலுக்கு 17 கிலோ போதும்.

ரீப்பர்களுக்கு நடுவே அரை அங்குலக் குச்சி வைத்து அடுக்குங்கள். மரத்தோடு மரம் ஒட்டினால் அந்த முகத்தில் மருந்து ஏறாது. மரம் மிதக்கும், மேலே கல் வைத்து முழுக அமுக்குங்கள்.

காய்ந்த மரம் என்றால் 5 முதல் 7 நாள் ஊறட்டும். போதுமா என்று தராசு சொல்லும். ஊறப்போடும் முன் ஒரு ரீப்பரை நிறுத்து எடையை அதன் மேலேயே பென்சிலில் எழுதி வையுங்கள். உங்கள் அளவு ரீப்பர் ஒன்று 0.139 கன அடி. மேலே சொன்ன 8 கிலோ கணக்குக்கு அது 400 கிராம் கரைசலைக் குடிக்க வேண்டும். எடுத்துத் துடைத்து நிறுக்கும்போது 400 கிராம் கூடியிருந்தால் கரையானுக்குப் போதும். 240 கிராம் என்றால் குறைந்த அளவைத்தான் எட்டியிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விடுங்கள்.

பச்சை மரம் என்றால் இந்த எடைக் கணக்கு உதவாது. மரத்துக்குள் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருப்பதால் கரைசல் உள்ளே போவதில்லை. அந்தத் தண்ணீர் வழியாக மருந்து மட்டும் மெல்லப் பரவும். அதற்கு வலுவான கரைசலும் நேரமும் வேண்டும். அறுத்த அன்றோ மறுநாளோ தொட்டியில் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டு, எடுத்து நெருக்கமாக அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் சுற்றி நிழலில் நான்கு வாரம் வையுங்கள். ஒரு அங்குல மரத்துக்கு நான்கு வாரம், இரண்டு அங்குலம் என்றால் இரண்டு மாதத்துக்கு மேல். சுற்றி வைத்திருக்கும்போது மேலே பூஞ்சணம் பிடிக்கலாம். பிரித்த பிறகு துலக்கிவிடுங்கள், மரத்துக்குக் கெடுதல் இல்லை. அப்புறம் நடுவே குச்சி வைத்து நிழலில் காய வையுங்கள். நேர் வெயிலில் போட்டால் வளைந்துவிடும்.

கையுறை கட்டாயம். குழந்தைகளும் ஆடுமாடுகளும் தொட்டிப் பக்கம் வரக் கூடாது. மிஞ்சிய கரைசலைச் செடிக்கோ தென்னைக்கோ ஊற்றிவிடாதீர்கள். சிட்டிகை அளவில் உரமாக இருப்பது இந்த அளவில் விஷம், இலை ஓரமெல்லாம் கருகும். மூடி வைத்து அடுத்த அடுக்கு மரத்துக்குப் பயன்படுத்துங்கள்.

*கழிவு ஆயில் தடவினால் கரையான் வராது என்கிறார்கள். உண்மையா?*
— வாசகர், அரியலூர்

நாற்றம் இருக்கும் வரை வராது. எண்ணெய் மேலோடு நின்றுவிடும், சில மாதத்தில் காய்ந்துவிடும், மரத்தின் உள்ளே ஒன்றும் இருக்காது. அதன் மேல் பெயின்ட் ஒட்டாது, தீப்பிடித்தால் நன்றாக எரியும். எஞ்சினில் ஓடிய எண்ணெயில் உலோகத் துகளும் நச்சும் இருக்கும், வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். வேலிக்காலுக்குத் தடவுகிறவர்களும் மண்ணையும் கிணற்றையும் யோசிக்க வேண்டும். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பரவாயில்லை, கடலோரத்தில் படகுக்கும் கைமரத்துக்கும் பழகிய சரக்கு. ஆனால் தோலில் பட்டால் கொப்பளித்துவிடும்.

*பரண் முழுக்கப் போரேட் ஏற்றிய மரம்தான் போட்டோம். ஐப்பசி மழை முடிந்ததும் அதிலேயே வெள்ளையும் கறுப்புமாகப் பூஞ்சணம். ஏமாற்றிவிட்டார்களா?*
— வாசகி, கடலூர்

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. பூஞ்சணம் வேறு, மரம் இற்றுப்போவது வேறு. பூஞ்சணம் மரத்தின் மேலே படிந்த தூசியையும் சர்க்கரையையும் தின்று வாழும், மரத்தை அரிக்காது. அது பிடிக்க மரம் நனைய வேண்டியதுகூட இல்லை, காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றால் போதும். போரேட் இற்றுப்போகச் செய்யும் பூஞ்சைகளை நன்றாகத் தடுக்கும். மேற்பூஞ்சணத்தை அவ்வளவாகத் தடுக்காது.

கூர்மையான கத்தி முனையால் கறுத்த இடத்தில் ஒரு சிம்பைக் கிளப்பிப் பாருங்கள். நீளமாக நார் நாராகப் பெயர்ந்தால் மரம் நலம். பொத்தென்று குறுக்கே ஒடிந்து வந்தால் இற்றுக்கொண்டிருக்கிறது, அப்போது மருந்து போதவில்லை என்று சந்தேகப்படலாம். மரம் இற்றுப்போக அதன் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டித் தொடர்ந்து நிற்க வேண்டும். பரணில் அப்படி நின்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பூஞ்சணம் மட்டும் என்றால் மூக்கைக் கட்டிக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, மின்விசிறி வைத்துக் காய விடுங்கள். காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் அறை முழுக்கப் பரவும். பிளீச்சிங் போட்டால் கறை வெளுக்கும், காற்றோட்டம் இல்லாவிட்டால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். பரணின் இரு முனையிலும் காற்று போக வழி விடுங்கள். பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். பூஞ்சணத்தின் மேலேயே பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் பெயர்ந்து விழும்.

*வாசல் நிலையில் கரையான் மண் ஏறியிருக்கிறது. பத்து வருட வீடு, தேக்கு என்று சொல்லி விற்ற நிலை. மாற்றத்தான் வேண்டுமா?*
— வாசகர், மதுரை

தேக்கிலும் வெள்ளை உண்டு. ஓரத்தில் வெளிறிய பட்டையோடு அறுத்த சட்டத்தில் கரையான் அந்த வெள்ளையைத்தான் தின்னும், வைரத்தை விட்டுவிடும். கத்தியால் குத்திக்கொண்டே போங்கள். வெள்ளை மட்டும் போயிருந்து, உள்ளே கத்தி இறங்கவில்லை என்றால் நிலையை மாற்ற வேண்டாம்.

மண்குழாயைப் பார்த்ததும் துடைத்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. துடைத்தால் அது வேறு வழி பிடிக்கும், எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியாமல் போகும். முதலில் குழாய் எங்கே தரையைத் தொடுகிறது என்று தொடர்ந்து பாருங்கள். பெரும்பாலும் நிலைக்கால் தரைக்குள் புதைந்த இடம்தான், அல்லது பக்கத்தில் குளியலறைக் கசிவு இருக்கும்.

மருந்து இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீதம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. நிலையும் சுவரும் சேரும் கோட்டில் 15 செ.மீ.க்கு ஒன்றாக, 6 மி.மீ. துளைகளைக் கீழ்நோக்கி 45 பாகையில் போட்டு, ஊசிக்குழாயால் வழியும் வரை செலுத்துங்கள். தரையும் சுவரும் சேரும் கோட்டில் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, தளத்தின் கான்கிரீட்டைத் தாண்டி மண் வரை இறக்கி, துளைக்கு ஒரு லிட்டர். வீட்டுக்கு உள்ளும் வெளியும் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும், ஒரு பக்கம் செய்தால் மறுபக்கமாக வரும். இந்தத் துளைக் கணக்கு ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதியில் கட்டி முடித்த வீடுகளுக்குச் சொல்லியிருப்பது. ஆள் வைத்துச் செய்தாலும் டேப் வைத்துத் துளை இடைவெளியை அளந்து பாருங்கள். மூன்றடிக்கு ஒரு துளை போட்டுவிட்டு முழுக் காசு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. கிணறோ நிலத்தடித் தொட்டியோ ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் மண்ணில் மருந்து இறக்கக் கூடாது.

பத்து நாள் கழித்துக் குழாயை உடைத்துப் பாருங்கள். உள்ளே உயிர் இல்லை என்றால் துடைத்துவிட்டுத் துளைகளை அடைக்கலாம். நிலையை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் புதுக்காலைத் தரைக்குள் புதைக்காமல், ஒரு அங்குலக் கருங்கல் துண்டின் மேல் நிறுத்தச் சொல்லுங்கள்.

*பந்தல் போடப் பச்சை நிறம் ஏறிய பைன் கம்பங்கள் வாங்கினோம். மிச்சத் துண்டுகளை வெந்நீர் அடுப்புக்கு எடுத்துக்கொள்ளலாமா?*
— வாசகர், கோயம்புத்தூர்

கூடவே கூடாது. பச்சை என்றால் பெரும்பாலும் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த சி.சி.ஏ. மருந்து. எரித்தால் ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். அந்தச் சாம்பலைப் பாத்திரம் துலக்கவோ செடிக்குப் போடவோ எடுத்துவிட்டால் இன்னும் ஆபத்து. அறுத்த தூளையும் கூட்டி அள்ளி, மாட்டுக்கொட்டிலுக்கோ குப்பைமேட்டுக்கோ போகாமல் தனியாக ஒதுக்குங்கள். அறுக்கும்போது முகமூடி போடுங்கள். சில கடைகளில் வெறும் பச்சைச் சாயம் ஏற்றியும் விற்கிறார்கள், நிறத்தைப் பார்த்து மருந்தை முடிவு செய்ய முடியாது.

இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் இந்தியர், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம். ஆண்டு 1933. உலகமெங்கும் மின்கம்பமும் பாலமும் இதில்தான் நின்றன. மண்ணில் ஊன்றிய மரத்தை இதைப்போல் காப்பது வேறு ஒன்றில்லை என்றே பல காலம் இருந்தது. ஆர்செனிக் பயத்தால் அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கிக்கொண்டார்கள். அங்கே இப்போது ஆர்செனிக் இல்லாத தாமிர மருந்துகள்தான்.

உங்கள் பந்தல் கால்களை மண்ணில் ஊன்றினால் கன மீட்டருக்கு 6.4 கிலோ மருந்து நின்ற கம்பம் வேண்டும், தரைக்கு மேலே மட்டும் என்றால் 4 கிலோ போதும். இவை அமெரிக்கத் தர அளவுகள், பேரம் பேசும்போது கையில் இருக்கட்டும். கம்பத்தின் அடியை அறுத்துச் சமன் செய்யாதீர்கள், அறுக்க வேண்டியிருந்தால் மேல்முனையை அறுங்கள். இப்போதுதான் மருந்தேற்றி ஈரமாக வந்த கம்பத்தை உடனே பூட்டாதீர்கள், மருந்து மரத்தோடு பிடிக்கச் சில வாரமாகும். ஆணி, போல்ட் எல்லாம் சூட்டில் துத்தநாகம் முக்கியதாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும். சாதாரண இரும்பும் அலுமினியமும் தாமிர மருந்தோடு ஈரத்தில் சேர்ந்தால் அரித்துப்போகும். ஆர்செனிக் இல்லாத புது மருந்துகளில் தாமிரம் இன்னும் அதிகம், அரிப்பும் அதிகம்.

*பிரிஸ்பேனில் வீடு கட்டுகிறோம். சட்டமெல்லாம் நீல நிற பைன், 'ஹெச்2எஃப்' என்று முத்திரை. கூரை போடுவதற்குள் இரண்டு வாரம் மழையில் நனைந்து கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. மருந்து போய்விட்டதா?*
— வாசகி, ஆஸ்திரேலியா

மருந்து போகவில்லை. அங்கே மரத்தின் ஆபத்து நிலையை ஹெச்1 முதல் ஹெச்6 வரை பிரிக்கிறார்கள். வண்டுக்கு மட்டும் ஹெச்1, உள்ளே கரையானுக்கு ஹெச்2, வெளியே மழை வெயிலுக்கு ஹெச்3, மண்ணில் ஊன்ற ஹெச்4, எப்போதும் ஈரமான மண்ணுக்கு ஹெச்5, கடல்நீருக்கு ஹெச்6. எஃப் என்ற எழுத்து வீட்டுச் சட்டத்தைக் குறிக்கும். மகரரேகைக்குத் தெற்கே மட்டும் அது செல்லும். பிரிஸ்பேன் தெற்கே இருப்பதால் உங்களுக்குச் சரி. டவுன்ஸ்வில் பக்கம் கட்டும் உறவினர் இதையே வாங்கினால் தவறு, அவர்களுக்கு ஹெச்2 வேண்டும்.

இந்த நீல மரத்தில் இருப்பது பூச்சிமருந்து மட்டுமே, அதுவும் மேலோட்டில். பூஞ்சைக்கு எதிராக ஒன்றும் இல்லை. நீலம் வெளுப்பதால் பயமில்லை, அது அடையாளச் சாயம்தான். கறுப்புப் புள்ளிகளைத் துடைத்துக் காய வையுங்கள். உள்பலகை அடிக்கும் முன் பல இடங்களில் ஈரமானி வைத்துப் பார்க்கச் சொல்லிக் கட்டுபவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அடிச்சட்டத்தில் கட்டாயம் பாருங்கள், தண்ணீர் அங்கேதான் தேங்கும். 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது பலகை அடித்து மூடினால் சுவருக்குள்ளேயே பூஞ்சணம் வளரும், ஆணித் தலைகள் துருத்தும். பால்கனிக்கும் படிக்கும் அதே நீலச் சட்டத்தைப் போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், அங்கே ஹெச்3 வேண்டும். நீளவாக்கில் பிளந்தாலோ இழைத்தாலோ மேலோட்டு மருந்து போய்விடும், அந்த முகத்துக்கு மறுபூச்சு தேவை.

*பழைய வீட்டின் பனஞ்சிலாகைகளை இறக்கிப் புதுக்கூரைக்கு மீண்டும் போட விரும்புகிறோம். மருந்தடிக்க வேணுமா?*
— வாசகர், யாழ்ப்பாணம்

முதிர்ந்த பனையின் வெளிக்கறுப்புக்கு மருந்து தேவையில்லை, தடவினாலும் ஏறாது. தின்னப்படுவது உள்பக்கத்து மென்மையான சோறுதான். சிலாகையின் உள்முகத்தில் வெளிறிய, நகம் இறங்கும் பகுதி ஒட்டியிருந்தால் அதைச் செதுக்கி எடுத்துவிடுங்கள். அதன் பிறகு மிஞ்சும் கனம் பாரத்துக்குப் போதுமா என்று பாருங்கள். செதுக்கிய முகத்துக்கு மட்டும் மேலே சொன்ன போரேட் கரைசலைச் சூடாக இரண்டு மூன்று தரம் தடவலாம்.

பழைய சிலாகையில் உண்மையில் பார்க்க வேண்டியது சுவருக்குள் புதைந்திருந்த முனை. நடு நன்றாக இருக்கும், முனை இற்றிருக்கும். ஒரு அடி வரை வெட்டித் தள்ள நேரலாம், ஆகவே புதுக்கூரையின் அகலத்தை முனைகளை வெட்டிய பிறகு தீர்மானியுங்கள். மறுபடி வைக்கும்போது சிலாகைத் தலையைச் சீமெந்துச் சாந்தால் இறுக்கிப் பூசாமல், இரு பக்கமும் விரற்கடை அளவு காற்று விடுங்கள்.

*மரக்கடையில் 'நல்லா காய்ஞ்ச மரம்' என்கிறார்கள். மீட்டர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?*
— வாசகர், சேலம்

தட்டிப் பார்த்துச் சொல்வதெல்லாம் அனுபவசாலிக்கு. உங்களுக்குத் தராசு போதும். சட்டத்தின் முனையிலிருந்து ஒரு அடி தள்ளி ஒரு அங்குலத் துண்டு அறுத்து, உடனே கிராம் தராசில் நிறுங்கள். வீட்டு ஓவனில் 100 முதல் 105 டிகிரியில் ஒரு நாள் வைத்து எடுத்து நிறுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. எடை மாறாவிட்டால் முழுக்கக் காய்ந்துவிட்டது. எவ்வளவு எடை குறைந்ததோ அதைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 60 கிராம் துண்டு 50 கிராம் ஆனால் ஈரம் 20 சதவீதம், அந்த மரத்தில் நிலை செய்தால் சேலம் வெயிலுக்கு மூட்டு விட்டுப்போகும். 12க்குப் பக்கத்தில் வந்தால் வாங்கலாம்.

மீட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஊசி மீட்டர் மின்சாரம் கடத்துவதை வைத்து ஈரத்தைச் சொல்கிறது. மருந்தேற்றிய மரத்தில் உப்பு இருப்பதால் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். அப்படிச் சந்தேகம் வந்தால் ஓவன் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சி.சி.ஏ. ஏற்றிய பச்சை மரத்துண்டை மட்டும் சமையலறை ஓவனில் வைக்காதீர்கள்.